வெளிச்சத்துக்காகக் காத்திருந்தவர்



பரிசளிப்பு விழா என்றாலே நம் பள்ளியில் ஒரே கலகலப்புதான். பேர் கூப்பிடக் கூப்பிடப் பிள்ளைகள் மேடை ஏறுவார்கள். கைதட்டல் ஓயாது. அதே நேரத்தில், கடைசி வரைக்கும் தன் பேர் வராமலே உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளையை நீங்கள் கவனித்தது உண்டா? அந்தப் பிள்ளையின் பக்கத்திலேயே, எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தகப்பனாரையும் தாயாரையும் கவனித்தது உண்டா? அவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்த ஆண்டு மலருக்கு இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் காலையில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் ஜன்னல் வழியாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் ஏசிவிட்டேன். பசியாறும் நேரத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அப்படி என்னதான்டா பார்த்தாய் என்று கேட்டேன். காலையில் திடலின் கோடு வரைக்கும் நீண்டிருந்த மரத்து நிழல், கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மரத்தடிக்கே திரும்பி வந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன் என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. அதே பாடத்தைத்தான் அடுத்த வாரம் அறிவியல் புத்தகத்தைத் திறந்து நான் நடத்த இருந்தேன்!

அன்று இரவு எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது. அவர் பேர் ஆன்சல் ஆடம்ஸ். அமெரிக்க நாட்டுக்காரர். மலையையும் காட்டையும் ஆற்றையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து உலகப் புகழ் பெற்றவர். அவரும் பள்ளிக்கூடத்தில் அடங்கி உட்காராத பிள்ளைதான். அவர் கதையைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் ஒத்துவராத பிள்ளை

ஆன்சல் 1902-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. வீடு கடலோர மணல்மேட்டுப் பக்கம். அலைச் சத்தமும் மூடுபனியும்தான் அவருக்குத் தாலாட்டு.

1906-இல் அந்த நகரத்தையே புரட்டிப் போட்ட பெரிய பூகம்பம் வந்தது. அப்போது ஆன்சலுக்கு வயது நான்கு. முதல் அதிர்ச்சியில் தப்பித்த பிள்ளையைப் பின்னால் வந்த ஓர் அதிர்ச்சி தோட்டத்துச் சுவரில் தூக்கி அடித்தது. மூக்கு உடைந்துபோனது. பிள்ளை வளர்ந்த பிறகு சரிசெய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசி வரைக்கும் அது சரிசெய்யப்படவே இல்லை. கோணல் மூக்கோடுதான் 82 வயது வரை வாழ்ந்தார்.

தாத்தா காலத்தில் அவர்களுடையது பெரிய மர வியாபாரக் குடும்பம். 1907-க்குப் பிறகு அந்தச் செல்வமெல்லாம் கரைந்துபோயிற்று. தகப்பனார் சார்ல்ஸ் கடனை அடைப்பதற்கே வாழ்நாளெல்லாம் பாடுபட்டார். பாடுபடுகிற தகப்பன் என்றால் எப்படி இருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை நன்றாகப் படித்துக் குடும்பத்தைத் தூக்கிவிட வேண்டும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆன்சலோ ஓரிடத்தில் உட்காரமாட்டார். கை கால் துறுதுறு என்று இருக்கும். ஒரு பள்ளிக்கூடம் மாற்றி இன்னொரு பள்ளிக்கூடம் என்று போட்டுப் பார்த்தார்கள். எதுவும் ஒத்துவரவில்லை.

1915-இல் தகப்பனார் ஒரு முடிவெடுத்தார். பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்த வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதற்கு ஒரு வருஷ டிக்கெட்டை வாங்கிப் பையன் கையில் கொடுத்து, தினமும் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள் என்று அனுப்பிவிட்டார். இயந்திரங்கள், ஓவியங்கள், இசைக்கருவிகள் என்று பிள்ளை ஆசை தீரப் பார்த்தான். வீட்டில் பியானோவைத் தானாகவே தட்டிப் பழகினான். பிறகு நல்ல ஆசிரியர் ஒருவரிடம் முறையாகக் கற்றான். ஒரு சுரம் தப்பினாலும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லும் கண்டிப்பு அங்கே இருந்தது. அடங்காத பிள்ளைக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது அந்தப் பியானோதான்.

பெற்றோர்களே, இதைப் படித்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவிடாதீர்கள்! அப்படிச் செய்தால் தலைமையாசிரியர் என்னைச் சும்மா விடமாட்டார். நான் சொல்ல வருவது ஒன்றுதான். கடன்காரராக இருந்த அந்தத் தகப்பனார், பிள்ளை எதை உற்றுப் பார்க்கிறான் என்பதைத் தாமும் உற்றுப் பார்த்தார்.

தலைகீழாக வந்த முதல் படம்

1916-ஆம் ஆண்டு குடும்பத்தோடு விடுமுறைக்குப் போக ஏற்பாடு நடந்தது. எங்கே போகலாம்? சியர்ரா நெவாடா மலைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும் என்று ஆன்சல் ஒற்றைக்காலில் நின்றார். ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பக்கமும் வானத்தைத் தொடும் பாறைச் சுவர்கள். மேலேயிருந்து விழுகிற அருவிகள். நடுவே புல்வெளியும் ஆறும்.

அங்கே பெற்றோர் அவருக்கு ஒரு கொடாக் பிரௌனி கேமரா வாங்கித் தந்தார்கள். சின்னப் பெட்டி மாதிரி இருக்கும், விலை மலிவு. பதினான்கு வயதுப் பையன் ஒரு பட்டுப்போன மரக்கட்டையின் மேல் ஏறி நின்று, எதிரே இருந்த ஹாஃப் டோம் மலையைப் படம் எடுக்கப் பார்த்தான். கட்டை உடைந்தது. தலைகீழாக விழும்போது விரல் பட்டு கேமராவும் வேலை செய்துவிட்டது. பிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒரு படம் மட்டும் தலைகீழாக இருந்தது! உலகம் போற்றும் படக்கலைஞரின் ஆரம்பம் இதுதான்.

அன்றிலிருந்து சாகும் வரைக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவர் யோசெமிட்டிக்குப் போனார். ஒரு படக்கடையில் வேலைக்குச் சேர்ந்து பிலிம் கழுவக் கற்றுக்கொண்டார். மலைகளைக் காக்கப் பாடுபடும் சியர்ரா கிளப்பில் சேர்ந்தார். 1920 முதல் நான்கு கோடைக்காலம் அந்தச் சங்கத்தின் மலை விடுதிக்குக் காவலாளாக இருந்தார். பியானோக் கலைஞர் ஆவதுதான் அப்போது அவர் இலட்சியம். கேமரா ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

மீதமிருந்த இரண்டு தகடுகள்

1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள். ஆன்சலுக்கு வயது 25. ஹாஃப் டோம் மலையின் செங்குத்தான முகத்தைப் படமெடுக்க நண்பர்களோடு ஏறினார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8,800 அடி உயரமுள்ள பாறை அது. ஒரு குன்றைக் கத்தியால் பாதியாக வெட்டி வைத்த மாதிரி நிற்கும். அந்தக் காலத்துக் கேமரா நம் கைத்தொலைபேசி மாதிரியா? மரப்பெட்டி, முக்காலி, கண்ணாடித் தகடுகள் என்று முதுகு வலிக்கும் மூட்டை. ஒரு தகட்டில் ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும். பனி படிந்த செங்குத்துப் பாதையில் அதையெல்லாம் சுமந்துகொண்டு ஏறினார்.

போகிற வழியிலேயே பல தகடுகள் தீர்ந்துவிட்டன. உச்சிப்பாறைக்கு வந்து சேர்ந்தபோது மலையின் முகம் நிழலில் மூழ்கிக் கிடந்தது. என்ன செய்வது? உட்கார்ந்தார். காத்திருந்தார். பிற்பகலில் வெயில் மெல்ல மெல்லப் பாறையின் மேல் ஊர்ந்து வந்தது. மீதமிருந்தவை இரண்டே தகடுகள்.

முதல் தகட்டை மஞ்சள் கண்ணாடி போட்டு எடுத்தார். எடுத்த உடனேயே மனசு ஒப்பவில்லை. இந்தப் படத்தில் வானம் வெளுத்துப்போய் இருக்கும், மலையைப் பார்த்தபோது தம் நெஞ்சில் எழுந்த பிரமிப்பு இதில் வராது என்று தோன்றியது. கடைசித் தகட்டை எடுத்து, இந்த முறை அடர்ந்த சிவப்புக் கண்ணாடியைப் போட்டார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிடும். அதனால் நீல வானம் படத்தில் கறுத்துப் போகும். கறுத்த வானத்துக்கு முன்னால் அந்தப் பாறை தெய்வச் சிலை மாதிரி எழுந்து நின்றது. அந்தப் படத்துக்கு மோனோலித் என்று பேர். ஒற்றைக்கல் என்று பொருள் கொள்ளலாம்.

மாணவர்களே, அன்று ஆன்சல் கற்றுக்கொண்டது என்ன? படத்தை முதலில் மனத்துக்குள் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கையை வைக்க வேண்டும். கோலம் போடுகிற உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். புள்ளி வைப்பதற்கு முன்பே கோலம் அவர் மனத்தில் இருக்கும்.

அன்று அவரோடு மலை ஏறியவர்களில் வர்ஜீனியா பெஸ்ட் என்ற பெண்ணும் ஒருவர். அடுத்த ஆண்டு அவரையே திருமணம் செய்துகொண்டார். 1930-இல் பால் ஸ்ட்ராண்ட் என்ற படக்கலைஞரைச் சந்தித்து, அவருடைய நெகட்டிவ்களைப் பார்த்த பிறகு, பியானோவை விட்டுவிட்டுக் கேமராவே தம் வழி என்று முடிவு செய்தார். தாயாரும் அத்தையும் வருந்தினார்கள். மனிதனின் ஆத்மாவை ஓர் இயந்திரம் எப்படிச் சொல்லும் என்பது அவர்கள் கவலை.

ஆனால் பியானோ வீண்போகவில்லை. நெகட்டிவ் என்பது எழுதி வைத்த இசை, அதிலிருந்து எடுக்கும் படம் என்பது அதை வாசித்துக் காட்டுவது என்று அவர் விளக்குவார். நம் ஊரில் ஒரே கீர்த்தனையை ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் பாடுவதில்லையா, அது மாதிரி. சுத்தக் கறுப்பிலிருந்து சுத்த வெள்ளை வரை ஒளியைப் பதினொரு படிகளாகப் பிரித்து, எந்த இடம் எந்தப் படியில் விழ வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடும் முறையை, பிரெட் ஆர்ச்சர் என்பவரோடு சேர்ந்து உருவாக்கினார். பள்ளிக்கூடத்தில் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, இருட்டறையில் மணிக்கணக்காக நின்று கணக்குப் போட்டதைப் பார்த்தீர்களா!

தேதி இல்லாத நிலா

1941-இல் அமெரிக்க அரசாங்கம் தேசியப் பூங்காக்களைப் படமெடுக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள், நியூ மெக்சிகோ மாநிலத்தில், சரியான படம் எதுவும் அமையாமல் சலிப்போடு மகனுடனும் நண்பருடனும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். சாயங்கால நேரம். எர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியில் வந்தது. கிழக்கே பனி மலைகளுக்கு மேல் நிலா எழும்பியிருந்தது. மேற்கே மறையப் போகும் சூரியனின் கடைசி வெளிச்சம் ஒரு சின்ன மாதா கோவிலின் பக்கத்தில் இருந்த இடுகாட்டுச் சிலுவைகளின் மேல் பட்டு, அவை பளபளத்தன.

காரைச் சடாரென்று ஓரம் கட்டினார். கூட வந்தவர்களை விரட்டி அதை எடு, இதை எடு என்று கத்தினார். கேமரா வந்தது, முக்காலி வந்தது. ஒளியை அளக்கும் மீட்டர் மட்டும் எங்கே போனதோ, அகப்படவில்லை! நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. நிலாவின் ஒளி எவ்வளவு என்ற அளவு அவருக்கு மனப்பாடமாக இருந்தது. அதை வைத்து மனக்கணக்காகவே போட்டு ஒரு படம் எடுத்துவிட்டார். இன்னொன்று எடுத்து வைக்கலாம் என்று தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. ஒரே படம். இரண்டாவது கிடையாது.

மலை பல இலட்சம் ஆண்டுகளாக அங்கேயே நின்றது. வெளிச்சம் சில விநாடிகளே நின்றது. இரண்டும் சந்தித்த இடத்தில் ஒரு மனிதர் தயாராக நின்றார். வாய்ப்பாட்டை ஏன் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம் என்று கேட்கிற பிள்ளைகள் இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் படத்தை எடுத்த தேதியை அவர் எழுதி வைக்கவில்லை. ஒரு முறை ஓர் ஆண்டைச் சொல்வார், இன்னொரு முறை வேறோர் ஆண்டைச் சொல்வார். கடைசியில் வானியல் அறிஞர்கள்தான் படத்தில் நிலா இருக்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அவர் இறந்தபின், 1991-இல், விடை கிடைத்தது. 1941 நவம்பர் முதல் நாள், மாலை மணி 4.49! அவர் தகப்பனார் வானியலில் ஆர்வம் கொண்டவர். இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அதே நெகட்டிவிலிருந்து தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தம் கையாலேயே தயாரித்தார். ஆரம்பத்தில் எடுத்த படங்களில் வானம் சாம்பல் நிறமாக, மேகக் கீற்றுகளோடு இருக்கும். வயது ஏற ஏற வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கினார். நிலம் அப்படியேதான் இருந்தது. அதைப் பார்த்த மனிதர்தான் மாறிக்கொண்டே வந்தார்.

குதிரையும் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசாங்கம் ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து முகாம்களில் அடைத்தது. அதில் ஒன்று சியர்ரா நெவாடா மலையடிவாரத்தில் இருந்த மன்சனார். ஆடம்ஸ் அங்கே போய் அந்த மக்களின் பள்ளியையும் வயலையும் முகங்களையும் படமெடுத்து 1944-இல் புத்தகமாக வெளியிட்டார். போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அப்படி ஒரு புத்தகம் போடத் துணிச்சல் வேண்டும்.

அந்த நாட்களில்தான், பக்கத்திலிருந்த லோன் பைன் என்ற ஊரில், குளிர் நடுக்கும் விடியற்காலைகளில் பல நாள் போய்க் காத்திருந்தார். பின்னால் பனி மலை, நடுவில் கறுத்த குன்று, முன்னால் மேய்ச்சல் நிலம். ஒரு நாள் மேகத்தின் இடையே ஒரு கீற்று வெளிச்சம் மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது. ஆனால் அங்கே மேய்ந்த குதிரை பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது! வெளிச்சம் போய்விடுமே என்று தவித்துக்கொண்டே நின்றார். கடைசி நேரத்தில் குதிரை பக்கவாட்டில் திரும்பியது. படம் கிடைத்தது.

அந்தக் குன்றின் மேல் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளையடித்த கற்களை அடுக்கித் தங்கள் ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகளைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். இயற்கையின் மேல் கீறிய காயமாக அது ஆடம்ஸின் கண்ணுக்குப் பட்டது. படத்தில் அந்த எழுத்துகளை மறைத்துவிட்டார். அது சரியா தவறா என்று படக்கலைஞர்கள் வாதாடியதுண்டு. ஓர் ஆசிரியனாக எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கொஞ்சம் இரக்கம்தான்! அவர்களும் அந்த மலையைத் தங்கள் மலை என்று நினைத்துத்தானே எழுதினார்கள்?

பார்த்தவர் காப்பாற்றினார்

சியர்ரா நெவாடாவில் கிங்ஸ் கேன்யன் என்ற பெரிய பள்ளத்தாக்கு உண்டு. அதைத் தேசியப் பூங்காவாக்கிக் காப்பாற்ற வேண்டும் என்று சியர்ரா கிளப் போராடியது. 1936-இல் ஆடம்ஸ் தம் படங்களை எடுத்துக்கொண்டு வாஷிங்டனுக்குப் போய் அரசியல்வாதிகளிடம் காட்டினார். 1938-இல் வெளிவந்த அவருடைய மலைப் படப் புத்தகம், அமைச்சர் ஹெரால்ட் இக்கிஸ் வழியாக அதிபர் ரூசவெல்ட்டின் கைக்குப் போனது. 1940-இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவானது. நேரில் போய்ப் பார்க்காதவர்களையும் பார்க்க வைத்தது அந்தப் படங்கள்தான்.

1977-இல் விண்வெளிக்கு ஏவப்பட்ட வாயேஜர் கலங்களில் பூமியின் படங்களைப் பதிவு செய்து அனுப்பினார்கள். அதில் ஆடம்ஸ் எடுத்த டீட்டன் மலைகளும் ஸ்னேக் ஆறும் உள்ள படமும் உண்டு. 1980-இல் அதிபர் கார்ட்டர் அவருக்கு நாட்டின் உயர்ந்த விருதுகளில் ஒன்றை அளித்தார். 1984 ஏப்ரல் 22-ஆம் நாள் ஆன்சல் ஆடம்ஸ் காலமானார். அடுத்த ஆண்டு, அவர் நேசித்த சியர்ரா நெவாடாவில் 11,700 அடிக்கும் மேல் உயரமுள்ள ஒரு சிகரத்துக்கு அவர் பேரையே வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்காத பிள்ளையின் பேரில் ஒரு மலை!

நம் தோட்டத்துக்கு வருவோம்

பெற்றோர்களே, நம்மிடம் பனி மலை இல்லை. ஆனால் நேரம் ஓடுகிற வேகத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், இருட்டில் பால் மரம் சீவி, மூடுபனிக்குள் நிரை நிரையாக வெயில் இறங்குவதைப் பார்த்தவர்கள் உங்கள் தாய் தகப்பன்மார். அந்த ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையும் இருபத்தைந்து ஆண்டானால் வெட்டு. லயத்து வீடுகள் பல இடங்களில் போய்விட்டன. அந்தப் பழைய காலை வெளிச்சத்தை யாராவது படமெடுத்து வைத்திருக்கிறோமா?

நம் பள்ளி அலமாரியில் ஒரு பழைய படம் இருக்கிறது. பலகைக் கட்டடத்துக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் ஒரு பெரிய மரம். திருப்பிப் பார்த்தால் பேரும் இல்லை, தேதியும் இல்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் உங்கள் பாட்டியாக இருக்கலாம். நிலாவை வைத்துக் கணக்குப் போட அந்தப் படத்தில் நிலாவும் இல்லை.

ஆகவே மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வீட்டில் கைத்தொலைபேசி இருக்கிறது அல்லவா? உங்கள் வீட்டு வாசலில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று ஒரே ஒரு படம் எடுங்கள். எடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். எடுத்த பிறகு ஒரு நோட்டில் தேதியை எழுதுங்கள். படத்தில் இருக்கும் ஆட்களின் பேரையும் எழுதுங்கள். தேதியை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்!

நான் ஏசிய அந்தப் பையனின் பேர் இந்த ஆண்டும் பரிசுப் பட்டியலில் இல்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். திடலுக்குப் பக்கத்து மரத்தின் நிழலை மாதாமாதம் அளந்து எழுதும் வேலையை அவனுக்கே கொடுத்திருக்கிறேன். இப்போது ஜன்னலோரத்தில்தான் அவனுக்கு இடம். கணக்கில் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறான். ஆனால் நிழலின் நீளத்தை அளந்து கூட்டிக் கழிக்கும்போது மட்டும் தப்பே வருவதில்லை!

விழா முடிந்து வீட்டுக்குப் போகும்போது, பரிசு வாங்கிய பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். பரிசு வாங்காத பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு நீ என்ன பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரும்வரை கொஞ்சம் காத்திருங்கள்.